சாமி வாங்காத சத்தியம்

அந்த வருடம் என்னிடம் யார் வாயைக் கொடுத்தாலும் பேச்சு அரசியல் சட்டத்தில்தான் போய் நிற்கும். டிகிரி முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கோச்சிங் சென்டர். காலை பஸ்ஸில் போய், மதிய வெயிலைத் தலையில் சுமந்துகொண்டு திரும்புவேன். முகவுரையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். இருபத்தைந்தாவது பிரிவு என்று சார் ஆரம்பிக்கும்போதே "மனசாட்சிச் சுதந்திரம்" என்று கத்திவிடுவேன். பின் பெஞ்சில் எனக்கு "நீதிபதி அம்மா" என்று பெயர். அரசுக்கு மதம் கிடையாது. குடிமகனுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அரசுக்கு இருவரும் ஒன்றுதான். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது விடை. ஆனால் நாட்டில் இது நடந்துகொண்டே இருக்கிற விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், பஸ் ஓடுவது மாதிரி.

தங்கியிருந்தது அக்கா வீட்டில். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிற ஊர். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அக்காவும் அப்படித்தான். மாமா ஐ.டி.ஐ. படித்த ஒயர்மேன். வீட்டுக்கு லைன் இழுப்பார், கரண்ட் போனால் பார்ப்பார், ஆனால் சோறு போட்டது போர் மோட்டார் வேலைதான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கி, எரிந்துபோன காயிலைச் சுற்றி, கேபிள் மாற்றி, திரும்ப இறக்கிக் கொடுப்பது. சுற்றுப்பட்டில் கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர்கள் எல்லாரிடமும் அவர் நம்பர் இருந்தது.

மாமாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கறுப்புச் சட்டை, கூட்டம் என்றெல்லாம் இல்லை. எப்போதோ விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். மோட்டார் இறக்கும்போது இங்கே சூடம் ஏற்றி எலுமிச்சம்பழம் நசுக்காமல் யாரும் இறக்க மாட்டார்கள். மற்ற ஒயர்மேன்கள் அதையும் சேர்த்துத் தாங்களே செய்வார்கள். மாமா ஓரமாகப் போய் நின்றுகொண்டு ஒரு பீடி பிடிப்பார். நிலத்துக்காரர்கள் சூடம் காட்டி முடித்ததும் வந்து கயிற்றைப் பிடிப்பார். நான் ஒருமுறை கேட்டேன், "மாமா, அவங்ககிட்ட எடுத்துச் சொல்ல மாட்டீங்களா?" என்று. "அவங்க மோட்டாரு, அவங்க சூடம். நமக்கு இன்னா?" என்றார். அக்கா வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றினால் எண்ணெய் வாங்கி வருவதும் அவர்தான்.

கோமுகி வாய்க்கால் ஓரம் கரும்பு போடுகிற பெரிய நிலத்துக்காரர் ஒருவர். அவர் மோட்டார் கொட்டாயிலிருந்து காப்பர் கேபிள் முழுவதையும் யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முந்தின வாரம் அந்த கேபிளைப் போட்டது மாமா. கொட்டாய்ச் சாவி எங்கே தொங்கும் என்று மாமாவுக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கும் தெரியும், ஆனால் அவர்கள் யாரும் ஒயர்மேன் இல்லை. நிலத்துக்காரர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்கா அழுதுகொண்டு கிளம்ப, நான் துணிச்சலோடு கிளம்பினேன். உண்மையைச் சொல்லட்டும், விசாரிக்கட்டும், முடிந்துவிடும் என்று பஸ்ஸில் அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே போனேன்.

எஸ்.ஐ. தன்மையாகத்தான் பேசினார். அவர் மேசைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், மரத்தடியில் ஸ்டேஷன் பிள்ளையார், புதுப் பூவோடு.

"எடுக்கலன்னா இன்னா பயம்? பிள்ளையாரு இங்கயே இருக்காரு. ஒரு சூடத்த ஏத்தி, கையால அடிச்சி அணைச்சி, நான் எடுக்கலன்னு சொல்லிட்டுப் போ. ரெண்டு நிமிச வேல."

"நான் எடுக்கலைங்க," என்றார் மாமா. "சூடம் இல்லாமலே சொல்றேன்."

"சூடம் இல்லாம எல்லாருந்தான் சொல்வான்."

நான் முந்திக்கொண்டேன். "சார், இது அரசாங்க ஆபீஸ். அரசாங்கத்துக்கு சாமி கிடையாது."

எஸ்.ஐ. என்னை நிமிர்ந்து பார்த்தார். "அரசாங்கத்துக்கு இல்லன்னா போவட்டும் பாப்பா. எனக்கு இருக்குதே."

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் இருபத்தைந்தாவது பிரிவைச் சொன்னேன். எஸ்.ஐ. கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

"நாங்க யாருக்கும் பேதம் பாக்கறது இல்லம்மா. போன மாசம் கறிக்கடை பாய் மேல ஒரு புகார். பள்ளிவாசல்ல போய் சொல்லச் சொன்னோம், சொன்னாரு, முடிஞ்சிது. சர்ச்சுக்குப் போறவங்களா, பைபிள் மேல கை வச்சி சொல்லட்டும். அவங்கவங்களுக்கு அவங்கவங்க சாமி. இதுதான சமம்? உங்க மாமாவுக்கு எதுன்னு சொல்லு. ஜீப்பு போட்டு அனுப்பறேன்."

"அவருக்கு எதுவும் இல்ல சார்."

"அப்ப நான் எங்கதாம்மா அனுப்பறது?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். முகவுரையை மனசுக்குள் முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். கடைசியில், "கோர்ட்டுலயே கடவுள் பேருக்கு பதிலா உளமாரன்னு சொல்லலாம் சார், அதுக்கு சட்டம் இருக்கு. அவரு உளமார சொல்லட்டும்," என்றேன்.

மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிலத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். "உளமார சொல்றது பொய்யின்னு வச்சிக்கோ. அப்ப யாரும்மா போய் அவன கேப்பாங்க?"

ரைட்டருக்கு இன்னொரு யோசனை. "ஏம்பா, உனக்கு நம்பிக்கை இல்லன்ற. அப்ப சூடம் உனக்கு வெறும் நெருப்புதான? அணைச்சிட்டுப் போயேன்."

"வெறும் நெருப்புதாங்க," என்றார் மாமா. "அத அணைச்சி நான் இன்னாத்த நிரூபிக்கறது?"

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல," என்று எஸ்.ஐ. எழுந்துவிட்டார். மாமாவை மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போனால் அதற்கடுத்த நாள் வரச் சொன்னார். கேஸ் கிடையாது, கைது கிடையாது, யாரும் ஒரு அடி அடிக்கவில்லை. காலையில் போய் பெஞ்சில் உட்கார வேண்டும், சாயந்திரம் "யோசிச்சியாப்பா?" என்று கேட்டு அனுப்புவார்கள். அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவரைத் தேடி வந்த போன்களுக்கெல்லாம் வேறு ஒயர்மேன்கள் போனார்கள். கொஞ்ச நாளில் போனே வரவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மிக்சியை, "அவசரமா வேணும்" என்று ஓடாத நிலையிலேயே திரும்ப வாங்கிப் போனாள்.

"ஒரு சூடம்," என்று அக்கா கெஞ்சுவாள். "ஒரே ஒரு சூடம் மாமா. எனக்காக."

நான் நடுவில் புகுந்து, "அது அவரோட உரிமைக்கா," என்பேன்.

"நீ சும்மா கெடடி. உரிமைய வச்சிக்கினு நாளைக்கி புள்ளைக்கு ஃபீஸ் கட்டுவியா?"

மாமா கடைசியில் ஒத்துக்கொண்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது நிலத்துக்காரர் பிள்ளையாரை ஏற்கவில்லை. "இந்தப் பிள்ளையாரு சாது. எதிர்ல இருக்கற போலீஸ்காரங்களையே ஒண்ணும் கேக்கறது இல்ல, இவன எங்க கேக்கப் போறாரு?" என்று வெளியே டீக்கடையில் சொன்னாராம். மலைமேல் ஒரு முனியப்பன் உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவனை விட மாட்டார் என்று கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஆட்கள் ஏறுவார்கள். அங்கேதான் வேண்டும் என்றார். எஸ்.ஐ. தலையாட்டினார். துணைக்கு ஒரு ஏட்டையும் அனுப்பினார், யூனிஃபார்மோடு.

நிலத்துக்காரரின் வண்டியிலேயே போனோம். முன்னால் அவரும் ஏட்டும், பின்னால் நாங்கள் மூன்று பேர். திருடன் என்று சந்தேகப்படுகிறவர் வண்டி கொடுக்கிறார், சந்தேகத்துக்கு ஆளானவர் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார். "தம்பி, உன் மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல," என்று நிலத்துக்காரர் வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தார். "அங்க சொல்லிட்டா நான் நம்பிடறேன். நாளைக்கே வந்து மோட்டார எறக்கு." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமே. அந்த வண்டியில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை.

கோயில் என்றால் ஒரு பெரிய மரம், நட்டுவைத்த வேல்கள், மண்குதிரை இரண்டு. பூசாரி மலைக்காரர், நடுவயது. சாமைக் கொல்லையிலிருந்து ஆள்விட்டுக் கூப்பிட்டு வந்தார்கள். கை கால் கழுவிக்கொண்டு வந்தவர் முதலில் ஏட்டைத்தான் பார்த்தார்.

"பூட்ஸு வெளிய. பெல்ட்டும்."

"பெல்ட்டுமா?"

"தோலாச்சே."

ஏட்டு பெல்ட்டைக் கழற்றி வண்டிமேல் வைத்துவிட்டு, ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டே விசாரணைக்கு வந்து நின்றார். அக்காகூட ஒரு நொடி சிரித்துவிட்டாள்.

பூசாரி சூடத்தை வெற்றிலையில் வைத்தார். பற்றவைக்கவில்லை. "ஏத்தறதுக்கு முன்னால ஒண்ணு கேப்பேன். எல்லாரையும் கேக்கறதுதான்," என்று மாமாவைப் பார்த்தார். "பொய் சொன்னா முனியப்பன் உன்ன கேப்பாருன்னு நம்பறியா?"

அதற்கு ஒரே பதில்தான். மலை ஏறி வருகிற எல்லாரும் சொல்கிற பதில். கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்களாம். மாமா நின்றார். அக்கா அவர் முதுகில் கிள்ளுவதை நான் பார்த்தேன்.

"இல்லீங்க," என்றார் மாமா. "ஆனா நான் எடுக்கல."

பூசாரி தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நம்பாத ஆளுகிட்ட வாங்கறது கெடையாது. இவர இழுத்துக்கினு வந்தீங்களா? மனசில்லாம வந்தவன் கையி இங்க சூடத்த தொடக்கூடாது. கூட்டிக்கினு போங்க." ஏட்டு என்னமோ சொல்லப் போனார். "போலீசு சொன்னா சாமி வாங்காது," என்றுவிட்டுப் பூசாரி வெற்றிலையை மடித்துக்கொண்டு கொல்லைக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு மனிதர் ஒரு வெற்றிலையை மடித்துச் சொல்லிவிட்டாரே! மாமா காதோரம் குனிந்து, "ஜெயிச்சிட்டோம் மாமா," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா வண்டியில் ஏறி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு உடனே புரிந்திருக்கிறது. எனக்குப் புரிய, ஏட்டு முன்சீட்டில் இருந்து எஸ்.ஐ.க்குப் போன் போடவேண்டியிருந்தது.

"ஐயா, வேல ஆவல ஐயா. சாமி வாங்கல... ஆமாங்கய்யா. முனியப்பன் இவன் சத்தியத்த வாங்க மாட்டேன்னுட்டாரு."

நான் கத்தினேன். "அப்படி இல்ல சார்! நம்பிக்கை இல்லாதவர கட்டாயப்படுத்தக் கூடாதுன்னுதான் சொன்னாரு!"

"அதான்மா. வாங்கலன்றேன்."

நாங்கள் அடிவாரம் வருவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டது. அன்று வரை மாமா மேல் இருந்தது ஒரு சந்தேகம். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. இப்போது தீர்ப்பே வந்துவிட்டது. சத்தியம் செய்யப் போய் சாமி திருப்பி அனுப்பிய ஆள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் சூடம் தானாக அணைந்துவிட்டது என்றார்கள். தீப்பெட்டியே பற்றவில்லை என்றார்கள். "நான் அங்கதான் இருந்தேன், சூடத்த ஏத்தவே இல்ல," என்று டீக்கடையில் போய் நின்று சொன்னேன். "அதான் பாத்தியா, ஏத்தவே முடியல," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். மாமாவின் மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அப்பா, உன்ன சாமி போடான்னு சொல்லிடுச்சா?"

நான் தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன்.

"கேஸ் போடுங்க சார்."

"யாரு மேல?"

"எங்க மாமா மேல."

ரைட்டர் பேனாவை வைத்துவிட்டார். "மச்சினிச்சி மாமா மேல கேஸ் போடச் சொல்றத இன்னிக்கிதான் பாக்கறேன். உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"கேஸ் போட்டா விசாரிக்கணும் சார். விசாரிச்சா சாட்சி இல்லன்னு தெரிஞ்சிடும். அவரு பேரு வெளிய வந்துடும்."

எஸ்.ஐ. அலுத்துக்கொண்டார். "சாட்சி இல்லாத கேஸ நான் எப்பிடிம்மா போடறது? சாட்சி இல்லன்னுதான சாமிகிட்ட அனுப்புனேன்? அங்கயும் போய் ஏதோ எகத்தாளம் பேசிட்டு வந்திருக்கறாரு. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

"மேல எழுதிப் போடுவேன் சார்."

"தாராளமா போடு. விழுப்புரத்துக்கு அடிக்கடி பஸ்ஸு இருக்குது."

அப்போது எங்களுக்கு மாவட்டம் விழுப்புரம்தான். போய், வரிசையில் நின்று, பிரிவுகளையெல்லாம் அடிக்கோடிட்டு எழுதிய மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கியவர் படித்துப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கும்மா," என்றார். அந்த மனு எங்கெங்கோ சுற்றி, உரிய விசாரணைக்காக என்று எங்கள் ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தது. ஏட்டு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விசாரித்தாயிற்று என்பதற்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட மாட்டேன் என்றேன். "போடலன்னா நாளைக்கி மறுபடியும் உங்க மாமாவதான் கூப்புடுவாங்க," என்றார், பாவப்பட்டுத்தான். போட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினாள். பொழுது சாயும் நேரம் வெறும் பையோடு வந்தாள். வேலை போனதிலிருந்து மாமா எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தார். டெஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருந்த நல்ல சுவிட்சுகளையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிலத்துக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, புது கேபிளு வந்துடுச்சு. வந்து எறக்கிக் குடு, பயிரு காயுது."

மாமா ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்து நின்றார். "எடுத்தவன புடிச்சிட்டாங்களா?"

"எங்க புடிக்கறது, அவன் எந்த ஊர்ல வித்துத் தின்னானோ. அது போவட்டும் வுடு. அதான் உன் வூட்டம்மா மலையேறி வந்து சொல்லிடுச்சே. எங்க வூட்டம்மாதான் கூட போச்சு. தாலிய எடுத்து கண்ணுல ஒத்திக்கினு, என் புருசன் எடுக்கலன்னு சூடத்த அடிச்சிச்சாம் பாரு, எங்க வூட்டம்மாவே அழுதுடுச்சாம். முனியப்பன் வாங்கிக்கினாரு. அப்புறம் நமக்குள்ள இன்னா? வா, வா."

மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முறத்தில் குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவர் போக மாட்டார் என்று நினைத்தேன். போகக் கூடாது என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மாமா சட்டையை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலத்துக்காரர் பின்னால் போனார்.

அவர் போனதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? அவரு இவ்ளோ நாளு பெஞ்சில உக்காந்தது எதுக்கு? இப்ப அவரு சொன்னது எதுவுமே செல்லாம, நீ சொன்னதுதான் செல்லும்னு ஆயிடுச்சு."

"ஆவட்டும்."

"அவருக்கு அது எவ்ளோ அவமானம்?"

அக்கா கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "திருடன்னு சொல்றது கம்மி அவமானமாடி?"

அவள் நம்பிக்கையோடு போய் உண்மையைச் சொன்னாள். அவர் நம்பிக்கையில்லாமல் போய் அதே உண்மையைச் சொன்னார். ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

சாயந்திரம் ஸ்டேஷன் வழியாக வந்தேன். எஸ்.ஐ. வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இன்னா பாப்பா, எல்லாம் சுமுகமா முடிஞ்சிதாமே!" என்று சந்தோஷமாகக் கேட்டார். டீக்கடையில் மாமாவுக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள், "சத்தியக்காரி புருசன்" என்று. மரியாதையாகத்தான் சொன்னார்கள். நாலு பேர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

மாமா இருட்டுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா பரிமாறினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாட்டி எதுனா காணாமப் போச்சுன்னா?" என்றார் மாமா, தட்டைப் பார்த்தபடி.

"போவேன்," என்றாள் அக்கா.

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"கூப்புட்டா போவேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். "எனக்கு பதிலா நீ."

"ஆமா."

மாமா என்னைப் பார்த்தார். சட்டம் படித்தவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் குனிந்து குழந்தையின் தட்டில் இருந்த மிளகாயை எடுத்துப் போட்டேன். அக்கா குழம்புக் கரண்டியை நீட்டினாள். அவர் போதும் என்று தட்டின் மேல் கையை வைத்து மறித்தார். அவர் கை விலகும் வரை அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.